கத்தரியம்மாவின் குனிவாசல்

கத்தரியம்மாவைக் கத்தரி இல்லாமல் பார்த்தேன் என்று யாராவது சொன்னால், ஒன்று அந்த ஆள் ஊருக்குப் புதுசு, இல்லையென்றால் கண்ணாடி மாற்ற வேண்டிய நேரம் வந்துவிட்டது. செடி வெட்டுகிற பெரிய கத்தரி அது. முழங்கை நீள அலகு இரண்டு, பிடித்துப் பிடித்து வழவழத்துப்போன மரப்பிடி இரண்டு. அதைத் தோளில் சாய்த்துக்கொண்டு காலை ஆறரைக்கெல்லாம் பூங்காவின் பின்கேட்டில் நுழைந்துவிடுவாள். வயது ஐம்பத்தாறு. குட்டை உருவம், உரமேறிய கை. வாய் மட்டும் உடம்பைவிட நாலு மடங்கு பெரிசு என்று அவளுடைய நாத்தனார் சொல்லுவாள். அந்த நாத்தனாரின் வாய் எவ்வளவு பெரிசு என்று என்னைக் கேட்காதீர்கள்.

குடும்பமே பூங்காவுக்குத்தான் நேர்ந்துவிட்ட குடும்பம். நாத்தனார் முன்கேட்டில் டிக்கெட் கிழிக்கிறாள். புருஷன் பொம்மை ரயில் ஓட்டுகிறார். பதினொரு நிமிஷத்தில் பூங்காவை ஒரு சுற்று சுற்றி, புறப்பட்ட இடத்துக்கே வந்து நிற்கிற ரயில். முப்பது வருஷமாக ஓட்டுகிறார், ஒரு ஊருக்கும் போய்ச் சேர்ந்ததில்லை. இதைக் கத்தரியம்மா வாரத்துக்கு ஒரு தடவையாவது சொல்லிக் காட்டுவாள். "நான் போய்ச் சேரலைன்னாலும் என் வண்டியில ஏறினவன் சிரிச்சுக்கிட்டே இறங்குறான். உன் வேலிக்குள்ள போனவன் வழி தெரியாம அழுதுக்கிட்டுல்ல வர்றான்" என்பார் ரயில்காரர்.

பூங்காவின் பூர்வீகத்தைக் கேட்டால் உங்களுக்குச் சிரிப்பு வரும். நூறு வருஷத்துக்கு முன்னால் அது வெறும் பள்ளம். ஊரில் பாதி வீடுகளுக்குச் செங்கல் கொடுத்த சூளை அங்கேதான் இருந்தது. மண்ணை எடுத்து எடுத்து நிலம் முழுக்கக் குழியாகிவிட்டது. சூளையை நடத்திய அம்மாள் ஒருநாள் நின்று நிதானமாகச் சுற்றிப் பார்த்துவிட்டு, "ஊரைக் கட்டுறேன் கட்டுறேன்னு ஊர் நிலத்தையே தின்னுட்டோமே" என்றாளாம். அதோடு சூளையை அணைத்தாள், நிலத்தை நகராட்சிக்கு எழுதிக் கொடுத்தாள். இருந்த குழிகளில் பெரிய குழி குளமாயிற்று, அதில் இன்றைக்கு நாலு மிதிபடகு ஓடுகிறது. உடைசல் செங்கல் கொட்டிக் கிடந்த மேட்டில் மண் போட்டு இசைமேடை கட்டினார்கள். புகைபோக்கியை மட்டும் இடிக்காமல் விட்டார்கள். அதில் புறாக்கள் வாடகையில்லாமல் குடியிருக்கின்றன. தனக்குச் சிலை கிலை வைக்கக் கூடாது, அந்த இடத்தில் ஒரு குடிதண்ணீர்க் குழாய் வையுங்கள் என்று சூளைக்காரம்மா கறாராகச் சொல்லிவிட்டாளாம். குழாயில் இன்றைக்கும் தண்ணீர் வருகிறது.

ஆனால் ஊருக்குப் பெருமை குளமும் இல்லை, புகைபோக்கியும் இல்லை. சுத்துவேலிதான். பலகையில் 'புதிர்ப்பாதை' என்று எழுதியிருக்கும், யார் அதைப் படித்தார்கள்? ஆள் உயரத்துக்கு மேலே செழித்து வளர்ந்த வேலிச்செடிகள் வளைந்து வளைந்து போகும். நடுவே நடக்கப் பாதை. பாதி இடத்தில் முட்டுச்சந்து. தட்டுத் தடுமாறி எப்படியாவது நடுப்புள்ளிக்குப் போய்விட்டால் அங்கே ஒரு வட்டக் கல்மேடையும் ஒரு மணியும் இருக்கும். மணியை அடித்தால் பூங்கா முழுக்கக் கேட்கும். வெளியே நிற்கிறவர்கள் அதைக் கேட்டுக் கை தட்டுவார்கள்.

அந்த நடுப்புள்ளிக்குப் போகிற கடைசி வழி இருக்கிறதே, அது வழி இல்லை, ஒரு துவாரம். வேலியின் அடிப்பக்கத்தில், இடுப்பளவு உயரத்துக்கு, அரைவட்டமாக ஒரு திறப்பு. எவ்வளவு பெரிய மனுஷரானாலும் அதில் குனிந்து, முட்டி போட்டு, தவழ்ந்துதான் போக வேண்டும். ஊர் அதற்குக் குனிவாசல் என்று பெயர் வைத்தது. வாசல் என்று வந்துவிட்டால் முறைகளும் வந்துவிடும் இல்லையா? எதிரும் புதிருமாக இரண்டு பேர் வந்து முட்டிக்கொண்டால், உள்ளே போகிறவர் பின்வாங்கி, வெளியே வருகிறவருக்கு வழி விட வேண்டும். புதுசாகக் கல்யாணமான ஜோடி குனிவாசலில் தவழாமல் வந்தால் போட்டோவே செல்லாது. நகராட்சியில் பதவி ஏற்கிறவர்கள் முதல் வாரத்துக்குள் ஒரு தடவை தவழ்ந்துவிட்டு வந்தால்தான் ஊர் அவர்களை மதிக்கும். "எல்லாரும் குனிஞ்சுதான் போகணும்னு சூளைக்காரம்மா யோசிச்சு வச்ச வாசல் இது" என்று ரயில்காரர் ஒவ்வொரு சுற்றிலும் ஒலிபெருக்கியில் முழங்குவார். பள்ளிக்கூடத்துப் பெரிய டீச்சர் இதை ஒரு பாடமாகவே எழுதி, வருஷா வருஷம் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்து காட்டுவார்.

இதில் ஒரு எழுத்துகூட நிஜமில்லை. அது கத்தரியம்மா ஒருத்திக்கு மட்டும்தான் தெரியும்.

நடந்தது இதுதான். இருபத்தாறு வருஷத்துக்கு முன்னால் அவள் வேலைக்குச் சேர்ந்தபோது சுத்துவேலி பூட்டிக் கிடந்தது. குழாய் உடைந்து தண்ணீர் தேங்கிப் பாதிச் செடி அழுகிவிட்டது. ஒன்பது வருஷமாக யாரும் உள்ளே போகவில்லை. மறுபடி ஒழுங்கு பண்ணச் சொல்லி அவளிடம் சாவியைக் கொடுத்தார்கள். வரைபடம் எங்கே என்று கேட்டதற்கு, எங்கேயோ இருக்கும் என்றார்கள். அவளும் சளைக்கவில்லை. மிச்சமிருந்த செடிகளையும், மண்ணில் நடந்து நடந்து இறுகிய தடத்தையும் பார்த்து, எது வேலி எது வழி என்று ஒரு மாதம் உட்கார்ந்து கண்டுபிடித்தாள். செடி வைக்க வேண்டிய இடத்தில் குச்சி நட்டு வெள்ளைத்துணி கட்டினாள். வழி விட வேண்டிய இடத்தில் சிவப்புத்துணி. சிவப்புத்துணிக்கு எங்கே போவது? புருஷனுடைய பழைய ரயில் கொடியைக் கிழித்துக் கட்டினாள்.

நாற்று பத்து நாளில் வரும் என்றார்கள். வந்து சேர ஆறு மாதம் ஆனது. நடுவில் ஒரு முழுக் கோடை போயிற்று. மற்ற குச்சிகளெல்லாம் மர நிழலில் இருந்தன. நடுப்புள்ளிக்குப் போகிற கடைசி வழியில் நட்ட குச்சி மட்டும் நட்ட வெயிலில் நின்றது. அந்தக் கொடித்துணிக்கு அது தாங்குமா? சாயம் சுத்தமாக வெளுத்துவிட்டது. நாற்று வந்த அன்றைக்கு, வெள்ளைத்துணி கண்ட இடத்திலெல்லாம் மளமளவென்று நட்டுக்கொண்டே போனாள். கெட்டிக்காரி, ஒரே நாளில் முடித்துவிட்டாள். வழியையும் சேர்த்து மூடிவிட்டாள்.

இரண்டு வருஷம் கழித்து, வேலி தலைக்கு மேல் வளர்ந்து நின்றபோது திறப்பு விழா வைத்தார்கள். அப்போதைய நகராட்சித் தலைவர் ரிப்பன் வெட்டினார். ஐம்பது பேர் உள்ளே போனார்கள். அரைமணி ஆயிற்று, ஒரு மணிநேரம் ஆயிற்று. மணிச்சத்தம் வரவே இல்லை. "பலே, பயங்கரமான புதிர்" என்று வெளியே நின்றவர்கள் சிலாகித்தார்கள். கத்தரியம்மா உள்ளே ஓடிப் பார்த்தாள். கூட்டம் மொத்தமும் ஒரு முட்டுச்சந்தில் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கிறது. அந்த முட்டுச்சந்தைப் பார்த்தாள், அதில் தான் நட்ட இளஞ்செடிகளைப் பார்த்தாள். சிவப்புத்துணி கட்டிய இடமே அதுதான். அப்போது அவள் தற்காலிக ஊழியர். நிரந்தரமாக்குகிற உத்தரவில் அடுத்த வாரம்தான் கையெழுத்து ஆகவேண்டும்.

அத்தனை பேர் கண் முன்னால் வேலியை வெட்ட முடியுமா? யாருமில்லாத பின்பக்கத்துக்கு ஓடினாள். தரையோடு உட்கார்ந்து, கையில் இருந்த கத்தரியால் கறுக் கறுக்கென்று கீழ்ப்பக்கமாக ஒரு துவாரம் போட்டாள். உயரமாக வெட்டினால் உள்குச்சியெல்லாம் தெரிந்து, இப்போதுதான் வெட்டினது என்று காட்டிக்கொடுத்துவிடும். அதனால்தான் அவ்வளவு தாழ்வு. வெட்டின தழையை வாரி ஒளித்துவிட்டு, "இந்தப் பக்கம் வந்து பாருங்களேன்" என்று குரல் கொடுத்தாள். முதலில் வந்து சேர்ந்தவர் நகராட்சித் தலைவரேதான். ஒரு நிமிஷம் முறைத்துப் பார்த்தார். பிறகு கோட்டைக் கழற்றிவிட்டுத் தவழ்ந்தார். மணியை அடித்தார். முட்டியெல்லாம் மண்ணோடு மைக் முன்னால் வந்து நின்று, "இதை அமைத்த அம்மையார் மகா புத்திசாலி! தலைவனையே குனிய வைத்துவிட்டார்!" என்று ஒரு போடு போட்டார். கைதட்டல் வானத்தைப் பிளந்தது. கத்தரியம்மா கத்தரியை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு அவளும் ஒப்புக்குச் சிரித்து வைத்தாள்.

அன்றைக்கு மூடின வாய்தான். வேலை நிரந்தரமானது. வருஷம் ஓடிற்று. பொய் அவளைக் கேட்காமலே தானாக வளர்ந்தது. கிழடுகள்கூட "நாங்க சின்னப்பிள்ளையா இருந்தப்பவும் இதுல குனிஞ்சுதான் போவோம்" என்று சத்தியம் செய்ய ஆரம்பித்துவிட்டார்கள். இதற்குமேல் அவள் என்ன சொல்ல?

இப்போது பூங்காவுக்கு நூறு வயது. விழா எடுக்க வேண்டும், பெரிய வரலாற்றுப் பலகை வைக்க வேண்டும் என்று முடிவாயிற்று. அந்த வேலைக்கு வந்து சேர்ந்தார் புது சூப்பிரண்டு. ஒல்லியான இளைஞர். இடுப்பில் எப்போதும் ஒரு அளவு டேப். எதைப் பார்த்தாலும் முதலில் அளப்பார், பிறகுதான் வணக்கம் சொல்வார். நல்ல மனுஷர்தான், குறை சொல்லக் கூடாது. ஆனால் ஆவண அறையில் மூன்று நாள் தும்மிக்கொண்டே தேடி, சுத்துவேலியின் அசல் வரைபடத்தைக் கண்டுபிடித்தே விட்டார்.

திங்கட்கிழமை காலையில் அதை எடுத்துக்கொண்டு நேராக வேலிக்கே வந்தார்.

"அம்மா, இங்க பாருங்க. நடுவுக்குப் போற வழி படத்துல இந்தப் பக்கம் இருக்கு. நேர்ல அங்க வேலி நிக்குது."

"ஆமா சார்" என்றாள் கத்தரியம்மா. முகத்தில் ஈயாடவில்லை.

"இந்தப் பொந்து படத்துலயே இல்ல."

பொந்தாம்! இருபத்துநாலு வருஷமாக ஊரே குனிகிற வாசலைப் பொந்து என்கிறாரே என்று அவளுக்குச் சுருக்கென்றது. பொய்யாக இருந்தாலும் அவள் பெற்ற பொய் இல்லையா?

"பலகையில எதைப் போட்டாலும் மூணு விஷயம் வேணும்மா. என்ன, எப்போ, யாரு. இசைமேடைக் கூரை பின்னாடி போட்டது, ஆனா ஃபைல் இருக்கு. ரயிலும் பின்னாடி வந்ததுதான், அதுக்கும் ஃபைல் இருக்கு. அதனால அதெல்லாம் இருக்கலாம். இதுக்கு ஒரு துண்டுக் காகிதம் கிடையாது. நாயோ நரியோ பண்ண ஓட்டைன்னுதான் நினைக்கிறேன். வெள்ளிக்கிழமைக்குள்ள அடைச்சிட்டு, படத்துல இருக்கிற வழியைத் திறந்துடுங்க."

கத்தரியம்மாவுக்கு முதலில் வந்தது என்ன தெரியுமா? சந்தோஷம். உள்ளதைச் சொல்ல வேண்டும். இருபத்துநாலு வருஷத் தப்பை, மேலதிகாரியின் உத்தரவோடு, தன் கையாலேயே, காதும் காதும் வைத்த மாதிரி திருத்திவிடலாம். ஒரு ஜீவனுக்கும் தெரியாது. ரிட்டையராக இரண்டு வருஷம் இருக்கிற நேரத்தில் இதைவிட என்ன வேண்டும்? அன்றைக்கு முழுக்க ஒரு பாட்டை முணுமுணுத்துக்கொண்டே வேலை பார்த்தாள்.

செவ்வாய்க்கிழமை காலை, நர்சரியிலிருந்து வளர்ந்த செடி நாலு வந்து இறங்கிற்று. மண்வெட்டியும் கையுமாகக் குனிவாசலுக்குப் போனாள். அங்கே ஒரே சத்தம். கடைவீதியில் எதிரெதிரே செருப்புக்கடை வைத்திருக்கிற இரண்டு பேர், ஒருவர் முகத்தில் ஒருவர் விழித்தே ஒரு வருஷமாயிற்று, வாசலுக்குள் தலையும் தலையுமாக மோதிக்கொண்டு மாட்டியிருந்தார்கள். காலையில் நடக்க வந்த இடத்தில் ஆளுக்கொரு பக்கம் நுழைந்திருக்கிறார்கள்.

"நான் வெளிய வர்றேன். முறைப்படி நீதான் பின்னால போகணும்" என்றது ஒரு தலை.

"முறையெல்லாம் தெரியும்யா. முட்டி மடங்கிடுச்சு. பின்னால போக வரல" என்றது மற்றது.

"எனக்கு மட்டும் என்ன முன்னால வருதா?"

இரண்டு பேரும் ஒருவரையொருவர் முறைத்தார்கள். பிறகு யார் முதலில் ஆரம்பித்தார்களோ, சிரிப்பென்றால் அப்படி ஒரு சிரிப்பு. வேலியே குலுங்கிற்று. கத்தரியம்மாதான் ஒருவர் காலைப் பிடித்து இழுத்து விட வேண்டியிருந்தது. இரண்டு பேரும் மண்ணைத் தட்டிக்கொண்டு, ஒருவர் தோளில் ஒருவர் கைபோட்டுக்கொண்டு டீ குடிக்கப் போனார்கள்.

அவர்கள் போன பிறகு கத்தரியம்மா அந்த வாசல் முன்னால் உட்கார்ந்துவிட்டாள். மண்வெட்டி கையில் இருக்கிறது, கை எழும்பவில்லை. திருட்டுத்தனமாகப் பிறந்ததுதான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் இருபத்துநாலு வருஷம் வாராவாரம் வெட்டி, வளைவு பிசகாமல் வளர்த்தது அவள் இல்லையா? இது போய்விட்டால் ஊரில் பெரிய ஆட்கள் முட்டி போடுவதற்கு வேறு எந்த இடம் இருக்கிறது? நினைக்க நினைக்க அவளுக்கு அழுகை வந்தது. அழுதாள். செடிகளை நிழலில் வைத்துவிட்டு, நேராகப் பொம்மை ரயில் நிலையத்துக்குப் போனாள்.

காலை முதல் வண்டி. ஆள் யாரும் ஏறவில்லை. இவள் ஏறிப் புருஷனுக்குப் பின்னால் உட்கார்ந்தாள். வண்டி குளத்தைத் தாண்டுவதற்குள் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். ரயில்காரர் வண்டியை நிறுத்தியே விட்டார். முப்பது வருஷத்தில் அவர் நடுவழியில் நிறுத்தியது அதுதான் முதல் தடவை.

"அடிப்பாவி! ஒரு நாளைக்கு இருபது சுற்று. சுற்றுக்கு ஒரு தடவை. இருபத்திநாலு வருஷம். என்னை எத்தனை பொய் சொல்ல வச்சிருக்க!"

"உங்க கொடி வெளுத்ததாலதான் இவ்வளவும்."

"என் கொடி மேல பழி போடாத! நல்ல கொடி அது."

"நல்ல கொடியா? ஒரு கோடை தாங்கல."

"சரி விடு. இப்ப என்ன பண்ணப்போற?"

"அடைக்கச் சொல்றாங்க. அடைச்சா நான் தப்பிச்சேன். யாரு எப்போன்னு சொன்னா வாசல் தப்பிக்கும். என்னங்க பண்றது?"

ரயில்காரர் அவள் பக்கம் திரும்பி உட்கார்ந்தார். பிறகு, "இவ்வளவு நாள் நீ சொல்லாம இருந்ததே எனக்கு அதிசயமா இருக்கு. நீ ஒரு வாயை மூடினன்னா அது எவ்வளவு பயம்னு எனக்குத் தெரியாதா?" என்றார். அதோடு வண்டியை எடுத்தார். அன்றைக்குப் பிறகு குனிவாசல் வந்தபோதெல்லாம் ஒலிபெருக்கியில் "இடது பக்கம் பாருங்க, வேலி" என்று மட்டும் சொன்னார்.

இதற்குள் சமாச்சாரம் ஊருக்குத் தெரிந்துவிட்டது. நாத்தனாரிடம் ஒரு ஆளுக்கு டிக்கெட் கொடுக்கச் சொன்னால் டிக்கெட்டோடு சேர்த்து ஊர்ச் செய்தியையும் கிழித்துக் கொடுப்பாள். "குனிவாசலை மூடப் போறாங்களாம், அநியாயம்!" என்று இரண்டே நாளில் ஊரைக் கூட்டிவிட்டாள். வியாழக்கிழமை சாயங்காலம் இசைமேடையில் கூட்டம். புல்வெளி நிறைந்து வழிந்தது. சூப்பிரண்டு வரைபடத்தைப் பலகையில் ஒட்டி வைத்துக்கொண்டு, டேப்பைத் தடவியபடி நின்றார்.

முதலில் எழுந்தவர் பெரிய டீச்சர். முதுகு நேராக நிற்கிற அம்மாள், முட்டி மட்டும் சொன்ன பேச்சைக் கேட்காது. "நூறு வருஷத்து வாசலை ஒரு காகிதத்தை வச்சு மூடுவீங்களா? இது சூளைக்காரம்மாவோட எண்ணம். நான் இருபது வருஷத்துக்கு மேல பாடம் நடத்துறேன்" என்றார். ரிட்டையரான தபால்காரர் எழுந்து, "எங்க அப்பா இதுல குனிஞ்சதை என் கண்ணால பாத்திருக்கேன்" என்று கையடித்துச் சொன்னார்.

"எழுத்துல ஏதாவது இருக்கா?" என்றார் சூப்பிரண்டு. "நான் மூடணும்னு ஆசைப்படல. யாரு, எப்போன்னு ஒரே ஒரு ஆதாரம் குடுங்க, பலகையில போட்டு வச்சுடறேன். ஆதாரம் இல்லாம வச்சா நாளைக்கு என்னை யாரு நம்புவா?"

கூட்டம் கூச்சல் போட்டது. ஆதாரம் மட்டும் ஒருவரிடமும் இல்லை. அது பின்வரிசையில், புருஷன் பக்கத்தில், திருதிருவென்று முழித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. ரயில்காரர் ரயிலிலிருந்து கொண்டுவந்த தன் கை ஒலிபெருக்கியை எடுத்து அவள் மடியில் வைத்தார்.

கத்தரியம்மா எழுந்தாள். ஒலிபெருக்கியை எப்படிப் பிடிப்பது என்று தெரியாமல் தலைகீழாகப் பிடித்தாள். புருஷன் திருப்பிக் கொடுத்தார்.

"சார், மூணு கேள்வி கேட்டீங்க" என்றாள். குரல் புகைபோக்கி வரைக்கும் போய்த் திரும்பிற்று. புறாக்கள் கிளம்பின. "எப்போ? இருபத்திநாலு வருஷத்துக்கு முன்னாடி, திறப்பு விழா அன்னிக்கு, சாயங்காலம் அஞ்சு மணி இருக்கும். யாரு? நான்தான். என்னன்னா, அது என் தப்பு சார். வழி விட வேண்டிய இடத்துல நான் செடி வச்சு மூடிட்டேன். சிவப்புத்துணி வெளுத்துப் போச்சு, நான் கவனிக்கல. யாராலயும் உள்ள போக முடியல. பயத்துல பின்பக்கம் ஓடிப்போய் வெட்டினேன். சூளைக்காரம்மாவுக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல. அந்தத் தலைவர் என்னென்னவோ பேசினாரு, நீங்கள்லாம் நம்பிட்டீங்க. நான் வாயை மூடிக்கிட்டேன். என் வேலைக்கு என்ன பண்ணணுமோ பண்ணுங்க. வாசலை மட்டும் மூடிடாதீங்க."

 தபால்காரர்தான் முதலில் வாயைத் திறந்து, "அப்ப எங்க அப்பா எதுக்குக் குனிஞ்சாரு?" என்றார்.

அவ்வளவுதான். முன்வரிசையில் ஒருவர் குபீரென்று சிரித்தார். செருப்புக்கடைக்காரர்கள் இருவரும் ஒருவர் முதுகில் ஒருவர் அடித்துக்கொண்டார்கள். நாத்தனார் எழுந்து நின்று, "அண்ணி! எங்கிட்டகூடச் சொல்லலையே அண்ணி! நான் யார்கிட்ட சொல்லப்போறேன்?" என்று புலம்ப, கூட்டம் இன்னும் பலமாகச் சிரித்தது. சூப்பிரண்டு சிரிக்கவில்லை. பேனாவை எடுத்து, தேதி, நேரம், காரணம் எல்லாவற்றையும் சாவகாசமாக எழுதிக்கொண்டார். கடைசியில் நிமிர்ந்து, "அம்மா, தப்புக்கு எழுதுற படிவம் எங்ககிட்ட அஞ்சு வருஷத்துக்குள்ள நடந்ததுக்குத்தான் இருக்கு. இதுக்குப் படிவம் கிடையாது. அதனால நடவடிக்கையும் கிடையாது. ஆனா ஆதாரம் கிடைச்சிருச்சு. வாசல் இருக்கட்டும். படத்துல இருக்கிற வழியையும் திறந்துடுங்க" என்றார்.

எல்லாரும் கத்தரியம்மாவைச் சூழ்ந்துகொண்டார்கள். ஒருத்தர் மட்டும் வரவில்லை. பெரிய டீச்சர் கைப்பையை எடுத்துக்கொண்டு, அவள் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல் புல்வெளியைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தார். இருபது வருஷத்துக்கு மேலாகச் சொல்லிக்கொடுத்த பாடம் அல்லவா? அந்தப் போக்கைப் பார்த்ததும் கத்தரியம்மாவின் சிரிப்பு பாதியிலேயே நின்றுபோயிற்று.

நூற்றாண்டு விழா அடுத்த ஞாயிற்றுக்கிழமை. சொன்ன மாதிரியே முன்பக்க வழியைத் திறந்துவிட்டிருந்தாள். பலகையும் வந்துவிட்டது. சூளை, குளம், குழாய், இசைமேடை, ரயில் எல்லாவற்றுக்கும் கீழே கடைசியாக ஒரு வரி: 'குனிவாசல்: நடுவழி தவறுதலாக அடைபட்டதால், திறப்பு விழா நாளில் வேலி ஊழியரால் அவசரமாக வெட்டப்பட்டது.' ஊரே அதை நின்று வாசித்துவிட்டு உள்ளே போனது. முன்பக்க வழியாகப் போனது.

போகத்தானே செய்வார்கள்? புது வழி. நிமிர்ந்து நடக்கலாம், சட்டை அழுக்காகாது. மணி அடித்துக்கொண்டே இருந்தது. கத்தரியம்மா பின்பக்கம் குனிவாசல் அருகில் காவல் மாதிரி நின்றாள். ஒன்பது மணிக்கு ஒருவரும் வரவில்லை. பத்து மணிக்கும் இல்லை. பதினொன்றுக்கு இரண்டு பேர் வந்து, எட்டிப் பார்த்து, "இதுதானா அது, சும்மா வெட்டினதாமே" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போனார்கள்.  வாசலை அடைத்திருந்தால் ஊர் ஒரு மாதமாவது அதை நினைத்து ஏங்கியிருக்கும். உண்மையைச் சொல்லித் தானே அதைக் கொன்றுவிட்டோமோ என்று அவளுக்குத் தோன்றிற்று. மத்தியானம் வரை நின்றாள். கால் கடுத்தது. போய்விடலாம் என்று கத்தரியை எடுத்துத் தோளில் சாய்த்தபோது, வளைவில் கசமுசவென்று சத்தம் கேட்டது.

பெரிய டீச்சர் வந்துகொண்டிருந்தார். பின்னால் வரிசையாக முப்பது பிள்ளைகள். கத்தரியம்மாவைப் பார்த்தும் பார்க்காத மாதிரி வாசல் முன்னால் வந்து நின்றார். கத்தரியம்மாவுக்கு எங்கே ஒதுங்குவது என்று தெரியவில்லை.

முதலில் நின்ற சிறுமி துவாரத்தைப் பார்த்துவிட்டு, "டீச்சர், அந்தப் பக்கம் நல்ல வழி இருக்கே. இதுல எதுக்குக் குனியணும்?" என்று கேட்டாள்.

"இந்த அம்மா தெரியாம ஒரு தப்புப் பண்ணாங்க" என்றார் டீச்சர். குரலில் கோபமும் இல்லை, கனிவும் இல்லை, பாடம் நடத்துகிற அதே குரல். "உள்ள போக முடியாம நின்னவங்களுக்காக அவசரமா ஒரு வழி வெட்டினாங்க. உயரமா வெட்ட நேரம் இல்ல. அதான். குனி."

அந்தப் பெண் குனிந்தாள். அடுத்தது குனிந்தது. முப்பது பிள்ளைகளும் கிக்கிக்கென்று சிரித்துக்கொண்டே ஒவ்வொன்றாக உள்ளே போய்விட்டன. மணி விடாமல் அடிக்க ஆரம்பித்தது. கடைசியில் பெரிய டீச்சர் கைப்பையைக் கத்தரியம்மாவிடம் நீட்டினார். ஒரு முட்டியை ஊன்றினார், இன்னொன்றை ஊன்றினார், தலையை உள்ளே விட்டார். பாதி தூரத்தில் அப்படியே நின்றுவிட்டார்.

"கத்தரியம்மா."

"டீச்சர்?"

"அடுத்த தடவை தப்புப் பண்ணினா, நாலு அங்குலம் உயரமா பண்ணுங்க."

"சரிங்க டீச்சர்" என்றாள் கத்தரியம்மா. கண்ணைத் துடைத்துக்கொண்டு, கத்தரியைக் கீழே போட்டுவிட்டு, டீச்சரைப் பின்னாலிருந்து தள்ளிவிட முட்டி போட்டாள்.